ஆறாவது கட்டம்

இது நடந்தது. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பாதியில் சிரிப்பு வராது. இடம் சிங்கப்பூர், ஊபி தொழிற்பேட்டையில் ஒரு லாரி ரிப்பேர் பட்டறை. பட்டறையின் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் வேலை நடக்கிறது. நாள் 2025 ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை, சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள். நேரம் மத்தியானம் 2.12. ஆமாம், மத்தியானம்தான். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

மாட்டிக்கொண்டவன் அற்புதராஜ். வயது நாற்பத்து மூன்று, தூத்துக்குடிப் பக்கம். பட்டறையில் பராமரிப்பு வேலை அவனுடையது. லாரியைத் தூக்கும் ஜாக்கி, வெல்டிங் செட், எல்லாவற்றுக்கும் மேலே கம்ப்ரஸர். டயருக்கு அடிக்க, நட்டு கழற்ற, பெயிண்ட் தெளிக்க, எதற்கும் அந்தக் காற்றுதான். கம்ப்ரஸர் படுத்தால் பட்டறையே படுத்துவிடும். அற்புதராஜ் கெட்டிக்கார மெக்கானிக். ஆனால் பேப்பர் வேலை என்றால் மட்டும் அவனுக்கு வேப்பங்காய்.

அன்று இரவு 8.40க்கு அவனுக்குத் திருச்சி விமானம். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். இரண்டு வருடமாக அவன் ஊர்ப்பக்கம் போகவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் வேலை என்று நின்றுவிட்டான். மனைவி அல்போன்சம்மாள் இந்த முறை போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"இந்தத் தடவையும் வரலன்னா, அதுக்கப்புறம் போன் பண்ண வேண்டாம். நானும் பண்ண மாட்டேன்," என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவனுக்குத் தெரியும்.

கம்ப்ரஸர் இருந்தது பட்டறையின் பின்கோடியில், கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு தனி அறையில். எட்டடிக்கு ஆறடி. சத்தம் வெளியே வரக்கூடாது என்று கனமான இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். விட்டால் அது தானாகச் சாத்திக்கொள்ளும். காற்று வர, உயரத்தில் தலையணை அகலத்துக்கு ஒரு சல்லடை. நடுவில் முந்நூறு லிட்டர் டேங்க், அதன் முதுகில் மோட்டாரும் பம்பும். மெயின் ஸ்விட்ச் கதவுக்கு வெளியே.

உள்பக்கச் சுவரில் ஒரு கிளிப் பலகை. மாதத்துக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு கட்டம். டேங்க் அடியில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டாயா? எண்ணெய் சரியா? சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பார்த்தாயா? பெல்ட் சரியா? பிரஷர் எட்டில் நிற்கிறதா? ஆறாவது, கதவு உள்ளேயிருந்து திறக்கிறதா? சரி என்றால் டிக், இல்லை என்றால் பெருக்கல் குறி. ஏழாவது கட்டத்தில் கையெழுத்து.

அற்புதராஜ் போன வருடம் மார்ச் மாதம் வேலைக்குச் சேர்ந்தான். முதல் நாளே சூப்பர்வைசர் ரகுபதியிடம் கேட்டான். ரகுபதி சிங்கப்பூர்க்காரர், வீடு பொங்கோலில். நல்ல மனிதர்தான், ஆனால் எப்போதும் காதில் போன்.

"சார், இந்தத் தாள யாரு எழுதணும்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம் லா அற்புதம். நீ முதல்ல ஜாக்கியப் பாரு."

"முன்னாடி இருந்தவரு?"

"ரமீஸா? ஊருக்கு அனுப்பியாச்சு," என்று சொல்லிவிட்டு ரகுபதி போனோடு நடந்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அற்புதராஜ் அறையைத் திறந்தான். அன்றைய வரியின் கடைசிக் கட்டத்தில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது. ஒரு சின்னச் சுழி, கீழே இரண்டு புள்ளி. சரி, சூப்பர்வைசரே சீக்கிரம் வந்து பார்த்துவிட்டார் என்று நினைத்தான். அதற்கு அடுத்த நாளும் கையெழுத்து இருந்தது. அதற்கு அடுத்த நாளும்... வேலை தானாக நடக்கும்போது வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்வானேன்? அவன் கேட்கவில்லை. ஏழாவது கட்டத்தை மட்டும் ஒரு பார்வை பார்ப்பான், நிறைந்திருந்தால் வந்துவிடுவான்.

சில விஷயங்கள் மட்டும் இடித்தன.

சிங்கப்பூர்க் காற்றில் ஈரம் அதிகம். ஒரு நாள் ஓடினால் டேங்க் அடியில் ஐந்தாறு லிட்டர் தண்ணீராவது சேரும். அவன் எப்போது டிரெயின் வால்வைத் திறந்தாலும் வெறும் காற்றுதான் வந்தது. தரை மட்டும் ஈரமாக இருந்தது, துரு கலந்த பழுப்பு ஈரம்.

அப்புறம் அந்தப் பிரேக் டிரம். தானே சாத்திக்கொள்ளும் கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு பழைய லாரி பிரேக் டிரம் கிடந்தது. முப்பது கிலோவுக்குக் குறையாது. வேலை முடிந்ததும் காலால் தள்ளி ஓரமாக விட்டுப் போவான். காலையில் அது கதவடிக்கு வந்திருக்கும். தரையில் இழுத்த தடம் இருக்கும்.

ஜூலையில் ஒரு நாள் அவன் சீக்கிரமே வந்துவிட்டான். பட்டறையில் ஒரு ஆள் இல்லை. 7.40 மணி. அறையின் பூட்டில் சாவியை நுழைக்கப் போனான்.

உள்ளே, ஸ்ஸ்ஸ்ஸ்...

டிரெயின் வால்வ் திறக்கும் சத்தம். பன்னிரண்டு வினாடி. அப்புறம் கிர்ரக் என்று வால்வை மூடும் சத்தம்.

சாவி அவன் கையில் இருந்தது. பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

திறந்தான். யாரும் இல்லை. தரை ஈரம். சுழியும் இரண்டு புள்ளியும்.

பயந்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பகல் வெளிச்சமும் ஒரு கோப்பை 'தே தாரிக்' டீயும் எவ்வளவோ பயத்தைக் கரைத்துவிடும். எங்கேயோ தானாகத் திறக்கும் வால்வ் பொருத்தியிருக்கிறார்கள், கையெழுத்தை நேற்று மாலையே போட்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டான். அப்படி ஒரு வால்வ் அந்த டேங்கில் இல்லை என்று அவனை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் புதுத் தாள்கள் வந்தன. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு, மிச்சமாக ஒரு வெற்றுத் தாள். ரகுபதி அவற்றை அவன் கையில் திணித்தார்.

"இந்த வருஷமாச்சும் உன் சொந்தக் கையெழுத்தப் போடு லா," என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அற்புதராஜுக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினான். கேண்டீனில் உட்கார்ந்தான். துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட வித்தை ஒன்று இருந்தது. ஜனவரி முதல் டிசம்பர் 31 வரை, எல்லாக் கட்டத்திலும் டிக், எல்லா வரியிலும் கையெழுத்து. முக்கால் மணி நேரத்தில் ஒரு வருட வேலை முடிந்தது. வெற்றுத் தாளோடு சேர்த்து எல்லாவற்றையும் பலகையில் மாட்டினான்.

அதற்குப் பிறகு தரை ஈரமாகவில்லை. காலையில் சத்தம் வரவில்லை. பிரேக் டிரம் விட்ட இடத்திலேயே கிடந்தது. அற்புதராஜுக்கு அப்பாடா என்று இருந்தது. தண்ணீரை இனி தான்தான் திறந்துவிட வேண்டும் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. பழக்கம் அப்படி.

இப்போது 28ஆம் தேதிக்கு வருவோம்.

புத்தாண்டுக்கு முன்னால் சீனர்கள் இடத்தைத் துப்புரவாக்கிவிடுவார்கள். பழசு ஒன்றும் உள்ளே இருக்கக்கூடாது. திங்கட்கிழமை பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரர் வந்து பழைய இரும்பையெல்லாம் வண்டியில் ஏற்றிப் போனார். பிரேக் டிரமும் அதோடு போனது.

செவ்வாய் ஒரு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். இனி பட்டறை திங்கட்கிழமைதான் திறக்கும். ரகுபதி ஒன்றரைக்குப் போனார். "டேங்க காலி பண்ணிட்டு, பட்டறையோட சின்னக் கதவப் பூட்டிட்டுப் போ. ஊர்ல எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு."

முறைப்படி என்ன செய்ய வேண்டும்? மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, அதற்குத் தன் பூட்டைப் போட்டு, அப்புறம்தான் உள்ளே போக வேண்டும். அற்புதராஜுக்கு அவசரம். நாலரைக்குத் தேக்காவில் இருக்க வேண்டும். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் அவனோடு ஒரே அறையில் தங்கும் கதிரேசன், பெட்டியோடு எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தான். மோட்டார் ஓடட்டும், உள்ளே இருக்கிற தண்ணீரை அந்த அழுத்தமே வெளியே தள்ளிவிடும், சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டான். போன் வெளியே மேசையில் சார்ஜில் கிடந்தது.

2.12. உள்ளே போனான்.

முட்டுக் கொடுக்க டிரம் இல்லை. இரண்டு நிமிட வேலைதானே...

டொம்.

கதவு சாத்திக்கொண்டது.

குனிந்து டிரெயின் வால்வைத் திருப்பினான். ஸ்ஸ் என்று வர வேண்டும். வரவில்லை. சேறு மாதிரி ஒரு சொட்டு வந்து நின்றது. இருபத்தெட்டு நாள் தண்ணீர் உள்ளே தேங்கி, துரு இறங்கி, வாயை அடைத்துக்கொண்டிருந்தது. குத்திவிட ஒரு கம்பி வேண்டும். எழுந்து போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தான்.

கைப்பிடி சுற்றியது.

சுற்றிக்கொண்டே இருந்தது. எதையும் பிடிக்கவில்லை.

முதலில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. இழுத்தான். தள்ளினான். தோளால் இடித்தான். கையால் தட்டினான். "யாராச்சும் இருக்கீங்களா?"

மோட்டார் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பட்டறை காலி. பக்கத்துப் பட்டறைகளும் காலி. திங்கட்கிழமை வரை யாரும் வர மாட்டார்கள். பட்டறையில் எல்லோரும் அவன் விமானத்தில் இருப்பதாக நினைப்பார்கள். கதிரேசன் நாலரை வரை தேட மாட்டான், தேடினாலும் சாவி அவனிடம் இல்லை. அல்போன்சம்மாள்? அவள் தேட மாட்டாள். இந்தத் தடவையும் ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைப்பாள். போன் பண்ண மாட்டாள்.

2.19.

மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடக்கூடாதே... பிரஷர் எட்டைத் தொட்டால் தானாக நிற்க வேண்டும். முள்ளைப் பார்த்தான்.

எட்டரை.

பிரஷர் ஸ்விட்ச்சின் சிவப்புக் குமிழை அமுக்கினான். அமுங்கியது. மோட்டார் நிற்கவில்லை. உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒன்பது.

டேங்கில் பாதி தண்ணீர். காற்றுக்கு இடம் பாதிதான். அதனால்தான் இவ்வளவு வேகமாக ஏறுகிறது. இதெல்லாம் தெரிந்தவன்தான் அவன். தெரிந்து என்ன செய்ய? ஸ்பானர் வெளியே. ஸ்விட்ச் வெளியே.

பத்தில் சேஃப்டி வால்வ் திறக்க வேண்டும். அவன் நின்று பார்த்தான். வியர்வை கண்ணில் இறங்கியது.

பத்து.

திறக்கவில்லை.

வளையத்தைப் பிடித்து இழுத்தான். துருப்பிடித்த வளையம் கையோடு வந்துவிட்டது.

பத்தரை.

டேங்க் ஒரு சத்தம் போட்டது. டிங்... மெல்லிய சத்தம். அடித்தகட்டில் எங்கேயோ இரும்பு இளகும் சத்தம். இப்படி ஒரு டேங்க் வெடித்ததைத் துவாஸில் அவன் பார்த்திருக்கிறான். கூரை இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது.

கதவோடு ஒட்டி நின்றான். "மாதாவே... மாதாவே..."

முகத்துக்கு நேரே கிளிப் பலகை. ஜனவரித் தாள். 28ஆம் வரி.

தண்ணீர் திறந்தாயிற்று. டிக். சேஃப்டி வால்வ் சரி. டிக். பிரஷர் எட்டில் நிற்கிறது. டிக். கதவு உள்ளேயிருந்து திறக்கிறது. டிக்.

வரியின் கடைசியில் அவன் கையெழுத்து. அழகாக, கொக்கி போட்டு, கேண்டீனில் உட்கார்ந்து போட்டது.

அவனுக்குள் என்னவோ அறுந்தது. தாளைப் பிடித்து இழுத்தான். ஜனவரி கிழிந்தது. பிப்ரவரி. மார்ச். பன்னிரண்டு மாதத்தையும் கிழித்துத் தரையில் எறிந்தான்.

"ஒண்ணும் பாக்கல!" என்று கத்தினான். "ஒரு நாள் கூட பாக்கல... எல்லாம் பொய்!"

பலகையில் மிச்சமாக வைத்த அந்த ஒரு வெற்றுத் தாள் மட்டும் இருந்தது.

2.31.

கிர்ரக்.

திரும்பினான்.

டிரெயின் வால்வின் பிடி... தானாக மூடிக்கொண்டது.

கிர்ரக். திறந்தது.

மூடியது. திறந்தது. மூடியது. திறந்தது.

அடைத்த வால்வைத் தெரிந்தவன் இப்படித்தான் ஆட்டுவான். விட்டு விட்டு. பொறுமையாக.

பொளக்...

ஒரு கட்டி சேறு தரையில் விழுந்தது. அடுத்து தண்ணீர். பழுப்பாக, நாற்றமாக, சுவரில் போய் அடித்தது. அவன் செருப்பை நனைத்தது. கணுக்காலை நனைத்தது.

அப்புறம்...

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

முள் இறங்கியது. பத்து. ஒன்பது. ஏழு. ஐந்து.

மூன்றில் நின்றது. மோட்டார் ஓடியது. காற்று போய்க்கொண்டே இருந்தது.

அற்புதராஜ் மூச்சு விட்டான். கதவில் சாய்ந்தான். தோளில் என்னவோ தட்டியது.

பேனா. பலகையிலிருந்து நூலில் தொங்கும் பேனா. இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.

வெற்றுத் தாள் இப்போது வெறுமையாக இல்லை.

ஒரே ஒரு வரி. 28.

முதல் கட்டம், டிக். மூன்றாவது, பெருக்கல் குறி. ஐந்தாவது, பெருக்கல் குறி. ஆறாவது, பெருக்கல் குறி.

ஏழாவதில் ஒரு சுழி. இரண்டு புள்ளி.

விரலால் தொட்டான். மை ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகு நேரம் நகரவில்லை. 3.00. 3.25. மோட்டார் சூடு அறையை அடுப்பாக்கியது. கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி. ஈரத்தில் குப்புறப் படுத்து, மூக்கை அதில் வைத்து மூச்சை இழுத்தான்.

இழுத்தான். விட்டான். இழுத்தான். விட்டான்.

பக்கத்தில் இன்னொரு மூச்சு.

மோட்டார் இரைச்சலுக்கு நடுவே, காதோரமாக. அவனைப் போலவே கதவடியில் முகம் வைத்து... இழுத்தது. விட்டது.

அற்புதராஜ் தன் மூச்சை அடக்கினான்.

அது நிற்கவில்லை.

அவன் தலையைத் திருப்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டான். 5.52 வரை திறக்கவில்லை.

5.52க்கு மோட்டார் நின்றது. யாரோ வெளியே மெயின் ஸ்விட்ச்சை அணைத்திருந்தார்கள். கதவு திறந்தது, வெளியேயிருந்து, வெண்ணெயில் கத்தி போல. ரகுபதி நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் கதிரேசன், கையில் பெட்டியோடு.

நாலரைக்கு வராதவனை ஐந்து மணி வரை பார்த்த கதிரேசன், போனும் எடுக்கவில்லை என்றதும் ரகுபதிக்கு அடித்திருக்கிறான். "அற்புதண்ணன் இன்னும் பட்டறைய விட்டே வரல சார்" என்ற ஒரு வார்த்தைதான். ரகுபதி உடனே காரை எடுத்திருக்கிறார். கதிரேசனையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

பைப்படியில் தலையை நனைத்து, சட்டை மாற்றி, காரில் ஏற்றினார்கள். விமானத்துக்கு நேரம் இருந்தது. சாங்கி போகும் வழியில் அற்புதராஜ்தான் முதலில் பேசினான்.

"சார், ரமீஸ் ஊருக்குப் போயிட்டாருன்னு சொன்னீங்க."

ரகுபதி ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். "அனுப்பினோம். பெட்டியில."

ரகுபதி கண்ணாடியில் ஒரு முறை அவனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"போன வருஷம், இதே புத்தாண்டு லீவு. அப்பவும் கரங்குனிக்காரன் கதவுக்கு முட்டுக் குடுத்த டிரம்ம எடுத்துட்டுப் போயிட்டான். ஈவ் அன்னைக்கு ரமீஸ் டேங்க காலி பண்ண உள்ள போனவன்... நாலு நாள் கழிச்சுத்தான் திறந்தோம். கதவடியில மூஞ்ச வெச்சுக் குப்புறப் படுத்திருந்தான். ஹார்ட்னு சொன்னாங்க. வெளிய இருந்து கதவு நல்லாத்தான் திறந்துச்சு லா. உள்ள நின்னு யாரும் திறந்து பாக்கல. நானும் பாக்கல. அப்புறம் இன்னொரு பழைய டிரம்ம போட்டு வெச்சோம்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் சார்."

"சொன்னா வேலைக்கு நிப்பியா?"

அற்புதராஜ் ஜன்னல் பக்கம் திரும்பினான். திரும்பியபடியே கேட்டான். "போன வருஷம் தாள்ல கையெழுத்தெல்லாம் நீங்கதானே போட்டீங்க?"

கார் வேகம் குறைந்தது.

"நீதானே போட்ட?" என்றார் ரகுபதி. "ரமீஸ் கையெழுத்து மாதிரியே. சரி, பழைய பேரையே ஓட்டுறான், போகட்டும்னு விட்டேன். அதான் இந்த வருஷம் உன் கையெழுத்தப் போடுன்னு சொன்னேன்..."

"நான் போன வருஷம் பேனாவையே தொடல சார்."



அவன் ஊர் போய்ச் சேர்ந்தான். மகள் வெள்ளை கவுனில் மெழுகுதிரியோடு நடந்து வந்தபோது, ஊரே பார்க்க அழுதான். பாசம் என்று நினைத்து அல்போன்சம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விடவில்லை.

பிப்ரவரி 17, திங்கட்கிழமை அவன் வேலைக்குத் திரும்பினான். கம்ப்ரஸர் அறைக்குப் புதுக் கதவு. உள்ளேயிருந்து இடுப்பால் இடித்தாலே திறக்கும் கதவு. புது டேங்க், புது வால்வ். ரகுபதி மேசையில் போன வருடத்து ஃபைல் இருந்தது. அவர் அதைத் திறந்திருக்கவில்லை.

"நீயே பாரு," என்றார்.

முதலில் தன் போனில் ஒரு படம் காட்டினார். ரமீஸைக் கண்டெடுத்த அன்று போலீஸ் கேட்டதற்காக எடுத்த படம். பிப்ரவரித் தாள். ஒன்பதாம் தேதி வரை சுழியும் இரண்டு புள்ளியும். பத்தாம் தேதியிலிருந்து எல்லாக் கட்டமும் வெறுமை.

பிறகு ஃபைலைத் திறந்தார்கள். அதே தாள்.

பத்தாம் தேதி, கையெழுத்து. பதினொன்று, கையெழுத்து. மார்ச். ஏப்ரல். பட்டறை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமைகள். தீபாவளி. கிறிஸ்துமஸ். டிசம்பர் 31 வரை முந்நூற்று இருபத்தாறு நாள், ஒன்று விடாமல்.

முதல் கட்டத்தில் எல்லா நாளும் டிக். தண்ணீர் திறந்தாயிற்று.

ஆறாவது கட்டத்தில் எல்லா நாளும் பெருக்கல் குறி.

கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. திறக்கவில்லை. திறக்கவில்லை... முந்நூற்று இருபத்தாறு முறை எழுதியிருந்தான். மாதாமாதம் அந்தத் தாளைக் கையில் வாங்கி ஃபைலில் போட்டவர் ரகுபதி. தினமும் காலையில் அதன் முன்னால் போய் நின்றவன் அற்புதராஜ். இரண்டு பேரும் ஏழாவது கட்டத்தை மட்டும் பார்த்தார்கள்.

அற்புதராஜ் கடைசித் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். டிசம்பர் 31ஆம் தேதி வரியில், ஆறாவது கட்டத்தில், பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருந்தது.